பயணத்தின் முடிவில் ஓபிடோஸ்: மதிலுக்குள் ஓர் இரவு

ஐரோப்பா பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதல் வாரத்தை மணிக்கணக்கு பார்த்து யோசிப்பார்கள், கடைசி இரண்டு நாட்களை அப்படியே விட்டுவிடுவார்கள். விமானம் ஏற வேண்டிய பெரிய நகரத்தில் இன்னும் ஒரு மியூசியம், இன்னும் ஒரு கடைத்தெரு, அப்புறம் பெட்டி கட்டுவது என்று அந்த நாட்கள் போய்விடும். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவுக்கும் முந்தைய இரவை, மதில் சூழ்ந்த ஒரு சின்ன இடைக்கால ஊரில் தங்கிக் கழியுங்கள். பகலில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவது வேறு, அங்கே இரவு தூங்கி எழுவது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு "பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் போனது போர்த்துகலில் இருக்கும் ஓபிடோஸ். லிஸ்பனுக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அம்மா, அக்கா, நான் மூன்று பேர். மாட்ரிட், கோர்டோபா, செவியா என்று ஸ்பெயினைச் சுற்றிவிட்டு லிஸ்பனுக்கு வந்திருந்தோம். லிஸ்பன் அழகான ஊர், ஆனால் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும் ஊர். அதற்குள் அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, அதைவிட முக்கியமாக, எதைக் காட்டினாலும் "சரிம்மா, நல்லா இருக்கு" என்பதற்கு மேல் அவரிடமிருந்து வார்த்தை வரவில்லை. பெரிய பெரிய தேவாலயங்களையும் அரண்மனைகளையும் தொடர்ந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அந்த நிலையில் ஒரு மனிதருக்குத் தேவைப்படுவது இன்னொரு பெரிய இடம் இல்லை. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரிகிற, வழி தவறவே முடியாத, வண்டிச் சத்தம் இல்லாத ஒரு சின்ன இடம்.

போவது சுலபம். லிஸ்பனின் காம்போ கிராந்தே மெட்ரோ நிலையத்துக்கு வெளியே இருந்து விரைவுப் பேருந்து கிளம்புகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஊரின் முக்கிய வாசலுக்கு அருகிலேயே இறக்கிவிடும். நாங்கள் ஓட்டுநரிடமே சீட்டு வாங்கினோம், அதனால் கையில் சில்லறை யூரோ இருந்தது உதவியது. வார நாட்களில் பேருந்துகள் அடிக்கடி உண்டு, சனி ஞாயிறில் குறைவு. ரயிலும் இருக்கிறது, ஆனால் நிலையம் குன்றின் அடிவாரத்தில், கோட்டைக்குப் பின்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏற வேண்டும். பெரியவர்களோடு போகிறவர்கள் பேருந்தையே எடுங்கள். பெரிய பெட்டிகளை நாங்கள் லிஸ்பன் விடுதியிலேயே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தோள் பையோடு போனோம். இதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மதிலுக்குள் பாதை முழுக்க உருளைக் கற்கள், பெட்டிச் சக்கரம் உருளவே உருளாது, வாசல் வரை கொண்டுபோய் விட டாக்ஸிக்கும் பல தெருக்களில் வழி கிடையாது. கார் எடுத்து வருகிறவர்களும் மதிலுக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும்.

ஊருக்குள் நுழையும் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். எல்லோரும் விறுவிறுவென்று உள்ளே போய்விடுகிறார்கள். அது நேராகப் போகும் வாசல் இல்லை. ஒரு வளைவுக்குள் நுழைந்து, திரும்பி, இன்னொரு வளைவு வழியாக உள்ளே போக வேண்டும். எதிரி வெளிக் கதவை உடைத்துவிட்டாலும் பாய்ந்து ஓடி வர முடியாது, திரும்பும் இடத்தில் வேகம் குறையும், மேலே இருப்பவர்கள் தாக்குவார்கள். போருக்காகக் கட்டிய அந்தத் திருப்பத்தில் 18ஆம் நூற்றாண்டில் மாதாவுக்கு ஒரு சின்ன மாடக் கோயில் வைத்து, சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமான டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அம்மா அங்கேயே நின்றுவிட்டார். பயணத்தில் முதல் தடவையாக அவரே கேள்வி கேட்டார்: "கோட்டை வாசல்ல சாமியை வச்சது காவலுக்கா, கும்பிடவா?" இரண்டுக்கும்தான் என்று அக்கா சொன்னாள். ஊரின் காவல் தெய்வம் அந்த மாதாதான்.

வாசலைத் தாண்டியதும் வருவதுதான் முதன்மைத் தெரு. நடுப்பகலில் அந்தத் தெரு நன்றாக இருக்காது, இதை மறைக்க வேண்டியதில்லை. லிஸ்பனிலிருந்து வரும் சுற்றுலா பஸ்கள் எல்லாம் பதினொரு மணியிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கின்றன. கொடி பிடித்த வழிகாட்டிகள், ஒரே மாதிரிக் கடைகள், சாக்லேட் கிண்ணத்தில் ஊற்றித் தரும் ஜின்ஜா என்ற செர்ரி மது, போட்டோ எடுக்க வரிசை. அதை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிப் போகிறவர், இது வெறும் கடைத்தெரு என்றுதான் சொல்வார், அவர் பார்த்தது அதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்திலேயே கூட முதன்மைத் தெருவை விட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு சந்தில் திரும்பிவிட்டால் ஆளே இருக்க மாட்டார்கள். வெள்ளைச் சுவர், அடியில் நீலப் பட்டையோ மஞ்சள் பட்டையோ, மேலே காகிதப்பூக் கொடி. சுண்ணாம்பு அடித்து அடியில் பட்டை தீட்டிய அந்தச் சுவர்களைப் பார்த்து அம்மா பொங்கலுக்கு வெள்ளையடித்த எங்கள் தாத்தா வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தச் சந்துகளில் அவர் பேசியது, முந்தைய ஒரு வாரம் பேசியதைவிட அதிகம்.

மதிலுக்குள் அறை எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீடுகள் பழையவை, படிக்கட்டுகள் குறுகலானவை, செங்குத்தானவை, பல இடங்களில் லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. முழங்கால் வலி இருப்பவர் உங்களோடு வந்தால் முன்பதிவு செய்யும்போதே தரைத்தள அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அதோடு அறை எந்தத் தெருவில் என்பதையும், வாசலிலிருந்து எவ்வளவு ஏற்றம் என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் ஊர் ஒரு குன்றின் முதுகில் நீளமாகக் கிடக்கிறது, முதன்மைத் தெருவிலிருந்து மேற்கே போகும் சந்துகள் பலவும் படிக்கட்டுகள்தான். நாங்கள் கேட்டு வாங்கிய அறை வாசலுக்குக் கிட்டத்திலேயே, ஒரு வயதான அம்மாள் நடத்தும் வீட்டில் இருந்தது. மதிலுக்குள் உச்சியில் இருக்கும் கோட்டையே இப்போது ஒரு ஹோட்டல்தான், 1950களின் தொடக்கத்திலிருந்து அப்படி நடக்கிறது. அது எங்கள் பட்ஜெட்டுக்கு மேல், ஆனால் அதன் சுவரடியில் போய் நிற்கக் காசு வேண்டியதில்லை.

மாலை ஐந்து மணிக்கு மேல் பஸ்கள் கிளம்ப ஆரம்பிக்கின்றன. ஆறரைக்கெல்லாம் ஊர் மாறிவிட்டது. நாங்கள் போனது மே மாதக் கடைசி, அங்கே அப்போது ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆக இரண்டரை மணி நேர வெளிச்சமும் காலியான தெருக்களும் எங்களுக்குக் கிடைத்தன. கடைக்காரர்கள் வெளியே தொங்கவிட்டதையெல்லாம் உள்ளே எடுத்து வைத்தார்கள். நாள் முழுக்கக் கூட்டத்தில் தெரியாமல் இருந்த விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன, வாசல் நிலைகளின் கல் வேலைப்பாடு, தெருவின் நடுவில் மழைநீர் ஓடுவதற்கான பள்ளம், ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பூனை. இதற்காகத்தான் தங்க வேண்டும் என்கிறேன்.

சாந்தா மரியா தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு அந்த நேரத்தில் போனோம். இந்த ஊரின் கதை பெரும்பாலும் ராணிகளின் கதை. 1147-ல் லிஸ்பனைப் பிடித்த போர்த்துகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கெஸ், அடுத்த வருடம் 1148-ல் இந்த ஊரையும் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து கைப்பற்றினார். பிறகு 1282-ல் தினிஸ் மன்னர் தன் மனைவி இசபெல்லுக்குத் திருமணப் பரிசாக இதைக் கொடுத்தார். அதற்குப் பிறகு 19ஆம் நூற்றாண்டு வரை போர்த்துகல் ராணிகளின் சொத்துகளில் ஒன்றாகவே இருந்தது. ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்த நீண்ட கால்வாய்ப் பாலம்கூட 16ஆம் நூற்றாண்டில் கத்தரீனா ராணி கட்டுவித்ததுதான், மூன்று கிலோமீட்டர் நீளம், வாசலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, பலரும் அதன் அடியில் வண்டியை விட்டுவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வருகிறார்கள்.

சதுக்கத்தில் ஒரு கல்தூண் இருக்கிறது. நகராட்சி அதிகாரத்தின் அடையாளமாகவும், குற்றவாளிகளை நிறுத்தித் தண்டிக்கவும் அந்தக் காலத்தில் நட்டது. அதில் ஒரு மீன்வலை செதுக்கியிருக்கிறது. 1491-ல் லியோனோர் ராணியின் ஒரே மகன், பட்டத்து இளவரசன் அஃபோன்சு, தேஜோ நதிக்கரையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான். பதினாறு வயது. அவன் உடலை மீனவர்கள் ஒரு வலையில் போட்டுத் தூக்கி வந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த வலையையே ராணி தன் சின்னமாக வைத்துக்கொண்டாள். இதை நான் சொல்லி முடித்ததும் அம்மா எழுந்து போய் அந்தத் தூணைத் தடவிப் பார்த்தார். "பெத்தவ எப்படித்தான் அதை தினம் தினம் பார்த்தாளோ" என்றார். செவியாவில் எத்தனையோ ராஜாக்களின் கல்லறைகளைப் பார்த்தோம், எதற்கும் அவர் இப்படி எழுந்து போகவில்லை. உட்கார இடமும் அவசரமில்லாத நேரமும் இருந்தால்தான் ஒரு கல்லில் செதுக்கியிருப்பது மனசுக்குள் போகும் என்று அன்றைக்கு எனக்கு நன்றாகவே பட்டது.

சதுக்கத்தில் இருக்கும் சாந்தா மரியா தேவாலயத்தில்தான் 1441-ல் மன்னர் ஐந்தாம் அஃபோன்சுவுக்கும் இன்னொரு இசபெல்லுக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் ஒன்று விட்ட உறவுக் குழந்தைகள், பத்து வயதுகூட நிரம்பாதவர்கள். மாலையில் கோயில் மூடிவிடும் என்பதால் உள்ளே பார்ப்பதை மறுநாள் காலைக்கு வைத்தோம். உள்ளே சுவர்கள் முழுக்க 17ஆம் நூற்றாண்டு நீல டைல்ஸ். வலப்பக்கம் இருக்கும் பீடத்துக்கு 1661-ல் புனித கத்தரீனாவின் வாழ்க்கையை வரைந்தவர் ஜொசேஃபா என்ற ஓவியர். பெண்கள் தூரிகையைத் தொழிலாக எடுப்பதே அரிதாக இருந்த காலத்தில் ஊர் ஊராக ஆர்டர் வாங்கி வரைந்து, தன் சம்பாத்தியத்தில் வாழ்ந்த பெண். 1630-ல் செவியாவில் பிறந்து, ஓவியரான அப்பாவோடு போர்த்துகலுக்கு வந்து, 1684-ல் இங்கேயே இறந்தார், ஊருக்குள் இருக்கும் சாவ் பெத்ரு தேவாலயத்தில் அடக்கம். நாங்களும் செவியாவிலிருந்துதான் இங்கே வந்திருந்தோம் என்பதால் அக்காவுக்கு அவர் மேல் தனி ஒட்டுதல் வந்துவிட்டது. பழங்கள், பூக்கள், தட்டில் அடுக்கிய இனிப்புகள் என்று அவர் வரைந்தவை மிகவும் புகழ்பெற்றவை. சதுக்கத்திலேயே இருக்கும் நகராட்சி மியூசியத்தில் அவருடைய படங்கள் இருக்கின்றன, சின்ன மியூசியம், கால் வலிக்காது, கட்டாயம் போங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நாங்கள் சைவம். பச்சைக் கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட கால்தோ வெர்தே சூப் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு ஒன்றிரண்டு போடுவது வழக்கம், ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லுங்கள், சூப்பின் அடிச்சாறு எதில் செய்தது என்றும் கேளுங்கள். அடுப்பிலிருந்து சுடச்சுட வரும் ரொட்டியைத் தெருவில் விற்கிறார்கள், வாசனை ஆளைத் தூக்கும், அதற்குள்ளும் தொத்திறைச்சி வைத்துத்தான் சுடுகிறார்கள். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் என்று கேட்காமலே மேஜையில் வைப்பார்கள், அது இலவசம் இல்லை, சாப்பிட்டால் பில்லில் வரும், வேண்டாமென்றால் எடுத்துப் போகச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்குச் சமையலறைகள் ஏழு ஏழரைக்குத்தான் திறக்கும், மதிலுக்குள் இருக்கும் இடங்களும் குறைவு, மதியமே ஒரு மேஜை சொல்லி வைத்துவிடுவது நல்லது. இன்னொன்று, அட்லாண்டிக் கடல் பக்கம் என்பதால் மே மாதத்திலும் ராத்திரியில் காற்று குளிரும், காலையில் மூடுபனியும் வரும். செவியாவில் வெயிலில் வாடிவிட்டு வந்து ஸ்வெட்டரை லிஸ்பன் பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மதில் மேல் ஏறுவது மறுநாள் காலை. எட்டு மணிக்கு முன்னால். இந்த நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு, பாதுகாப்புக்காகவே சொல்கிறேன். மதில் சுற்றளவு சுமார் ஒன்றரை கிலோமீட்டர், உயரம் சில இடங்களில் பதின்மூன்று மீட்டர் வரை. நாங்கள் போனபோது ஏறக் கட்டணம் இல்லை, காவலர் யாரும் இல்லை, மேலே நடக்கும் பாதை குறுகல். வெளிப்பக்கம் அம்பு எய்ய இடைவெளி விட்ட கைப்பிடிச் சுவர் இருக்கிறது. உள்பக்கம் ஒன்றுமே இல்லை. கம்பி இல்லை, கயிறு இல்லை, நேரே கீழே யாருடைய தோட்டமோ கூரையோ. கல்லும் மேடு பள்ளமாக, சில இடங்களில் வழவழவென்று தேய்ந்து இருக்கும். கூட்டமான நேரத்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்குவதாக இருந்தால் எப்போதும் வெளிப்பக்கச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள், மரியாதைக்காக உள்பக்கம் ஒதுங்க வேண்டாம். தோளில் பெரிய பை வேண்டாம், போன் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டுமென்றால் நின்று, முதுகைச் சுவரில் சாய்த்து எடுங்கள். மழை பெய்திருந்தாலோ காற்று பலமாக இருந்தாலோ ஏறாதீர்கள். சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகவே வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க அங்கே அகலம் கிடையாது.

அக்காவுக்குப் பாதி தூரத்தில் தலை சுற்றுவது போல ஆகிவிட்டது. அவள் அதை உடனே சொன்னாள், அதுதான் நல்லது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம், மூச்சு நிதானமானதும் அடுத்த படிக்கட்டில் இறங்கிவிட்டாள். மதிலில் அங்கங்கே படிக்கட்டுகள் இருக்கின்றன, முழுச் சுற்றும் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழே சந்துகள் வழியாக அவள் நடந்து வர, நான் மேலே நடந்தேன், இடையிடையே ஒருவரை ஒருவர் பார்த்துக் கையசைத்துக்கொண்டோம். மேலிருந்து பார்த்தால் ஊரின் கணக்கு முழுதும் புரிந்துவிடும். ஒரு பக்கம் கூரைகள், நடுவே தேவாலய மணிக்கூண்டு, உச்சியில் கோட்டை. வெளியே திராட்சைத் தோட்டங்களும் பழமரத் தோட்டங்களும். மேற்குப் பக்கம் ஒரு காலத்தில் கடல்நீர் கழி இந்தக் குன்றின் அடிவாரம் வரை வந்திருந்தது, மண் தூர்ந்து தூர்ந்து இப்போது அந்தக் கழி கடற்கரையோரமாகத் தள்ளிப் போய்விட்டது. சமவெளிக்கு நடுவில் இவ்வளவு பெரிய மதில் எதற்கு என்ற கேள்விக்கு அங்கே நின்றால் விடை கிடைக்கும். கீழே சற்று தள்ளி அறுகோண வடிவில் ஒரு பெரிய தேவாலயம் தெரியும், 1740களில் கட்டியது. 1808 ஆகஸ்டில் நெப்போலியனின் படைக்கும் வெலிங்டனின் படைக்கும் போர்த்துகல் மண்ணில் நடந்த முதல் மோதல்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

நாங்கள் மேலே கீழே அலைந்துகொண்டிருந்த நேரத்தில் அம்மா என்ன செய்வார் என்பதற்கும் முன்பே ஏற்பாடு யோசித்திருந்தோம். பெரியவர்களை "இங்கேயே இருங்கள்" என்று வெயிலில் ஒரு கல் திண்ணையில் விட்டுவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. காலைக் காபியோடு சதுக்கத்தில் நிழலான மேஜையில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மேல் மூன்று பேரும் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் சாந்தியாகோ தேவாலயத்துக்குப் போனோம். 1755 பூகம்பத்தில் இடிந்து மறுபடி கட்டப்பட்ட கோயில், இப்போது அது ஒரு புத்தகக் கடை. பீடம் இருந்த இடம் வரைக்கும் அலமாரிகள். ஊருக்குள் இன்னொரு இடத்தில் காய்கறி சந்தையும் புத்தகக் கடையும் ஒன்றாக இருக்கிறது, பழப்பெட்டிகளையே அடுக்கி அதில் புத்தகங்களை வைத்திருக்கிறார்கள். ஆட்கள் குறைந்துகொண்டே போன ஒரு பழைய ஊர், பயன்படாமல் கிடந்த கட்டடங்களைப் புத்தகங்களால் நிரப்பி 2015-ல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரங்கள் பட்டியலில் இடம் பிடித்திருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய ஊர்களைக் காப்பாற்ற ஹோட்டலும் நினைவுப் பொருள் கடையும் மட்டும்தான் வழி என்று நினைப்பவர்கள் ஒரு தடவை இங்கே வந்து பார்க்க வேண்டும். தேதி பார்த்து வாருங்கள், ஏப்ரலை ஒட்டி சாக்லேட் திருவிழா, கோடையில் இடைக்காலச் சந்தை, அக்டோபரில் இலக்கிய விழா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் கிராமம். விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சரி, அமைதிக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வாங்குவதற்கு இதுதான் சரியான இடம், பயணத்தின் முடிவில் இருப்பதால் வாரக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. களிமண்ணைக் கயிறு மாதிரி உருட்டிக் கூடை போலப் பின்னிச் சுடும் மண்பாண்ட வேலை இந்த ஊருக்கே உரியது, சின்னதாக ஒன்று வாங்கினோம், துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்ததில் உடையாமல் வந்து சேர்ந்தது. ஜின்ஜா என்பது புளிப்புச் செர்ரியில் ஊறவைத்த மது. குடிக்காதவர்கள் சாக்லேட் கிண்ணத்தை மட்டும் கேட்டால் சில கடைகளில் தருகிறார்கள், அம்மா அப்படித்தான் வாங்கினார். பாட்டில் வாங்கினால் கைப்பையில் விமானத்துக்குள் கொண்டுபோக முடியாது, பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும், ஆகவே பெட்டியை லிஸ்பனில் வைத்துவிட்டு வந்திருந்தாலும் அதில் அந்த இடத்தை விட்டு வையுங்கள்.

திரும்பும் பேருந்து கல்தாஸ் த ராய்ன்யா என்ற பக்கத்து ஊரிலிருந்து வருகிறது, வலையைச் சின்னமாக்கிக்கொண்ட அதே லியோனோர் ராணி அங்கே இருந்த வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி கட்டியதால் உருவான ஊர் அது. ஞாயிறு மாலையில் அங்கேயே பேருந்து நிரம்பி வரும், இங்கே நிற்க இடம் கிடைப்பதே சிரமம் என்று வீட்டு அம்மாள் எச்சரித்தார். நாங்கள் மதியத்துக்கு முன்பே கிளம்பிவிட்டோம். காம்போ கிராந்தேயில் இறங்கி, பச்சை மெட்ரோவில் அலமேதா போய், அங்கே சிவப்பு மெட்ரோ மாறினால் விமான நிலையம் வந்துவிடும். ஆனாலும் விமானம் ஏறும் நாளன்றே இந்த ஊரிலிருந்து நேரே வர முயலாதீர்கள், ஒரு பேருந்து தவறினால் அடுத்தது எப்போது என்ற கவலையிலேயே காலை முழுக்கப் போய்விடும். நாங்கள் அன்று இரவு லிஸ்பனில் தங்கி, பெட்டிகளை நிதானமாகக் கட்டி, மறுநாள்தான் விமானம் ஏறினோம்.